பழுது பார்த்த பின்னர்ப் பிடித்துக்கொள்ளும் பிரேக்

தீபாவளி விடுமுறையின்போது ஜொகூர் மாநிலத் தோட்டங்கள் பலவற்றில் சிங்கப்பூர் எண்பலகை தாங்கிய கார்கள் வந்து நிற்பதைக் காணலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிழைப்பை நாடி அக்கரை சென்று, கிளமெண்டி போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பு வட்டாரங்களில் வாழும் நம் உறவினர்களே அவற்றில் வருகின்றனர். வந்த இடத்தில் காரின் சிறு வேலைகள் சிலவற்றையும் முடித்துக்கொண்டு செல்ல அவர்கள் விரும்புவர். அதற்குத் தக்க காரணங்கள் உள. கிளமெண்டியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கார் நிறுத்துமிடங்களில் வண்டியைக் கழற்றிப் பழுது பார்க்க விதிகள் இடந்தருவதில்லை. பட்டறைக் கூலியும் அங்கு மிகுதி. தோட்டத்திலோ லயத்தின் முன்புறம் தாராளமாக இடம் உண்டு. கைகொடுக்க மைத்துனரும் மருமகனும் உண்டு. ஸ்பானரும் ஜாக்கியும் கேட்டுவாங்க டிராக்டர் ஓட்டுநர் வீடும் உண்டு.

இப்பாடத்திற்கு அத்தகைய வேலையொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்சக்கரங்களின் பிரேக் பேடுகள் தேய்ந்துவிட்டன. காலையில் தொடங்கிய வேலை மதிய உணவுக்குள் முடிந்துவிடுகிறது. பழைய பேடுகளைக் களைந்து, பிஸ்டனை உள்ளே தள்ளி, புதியவற்றைப் பொருத்துகின்றனர். கேலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஊசிகள் உலர்ந்திருப்பதைக் கண்டு, டிராக்டர் கிரீஸ் டப்பாவிலிருந்து ஒரு விரல் எடுத்துத் தடவுகின்றனர். காற்று எடுத்ததில் ‘பிரேக் எண்ணெய்’ குறைந்துபோகவே, பட்டறையில் மிச்சமிருந்த ஏதோ ஒரு டின்னிலிருந்து நிரப்புகின்றனர். தோட்டச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கின்றனர். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தார்களேயன்றி, விடுகிறதா என்று எவரும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கார் புறப்படுகிறது. கூலாயைக் கடந்தபின் வண்டி சற்றுக் கனமாக ஓடுவதுபோல் தோன்றுகிறது; எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் வேகம் சட்டென்று குறைகிறது. இரண்டாம் பாலத்தில் துவாஸ் சோதனைச் சாவடி வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து செல்கையில் எதுவோ தீய்ந்த வாடை வீசுகிறது. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஓடிக் கிளமெண்டி வெளிவாயிலில் திரும்பும்போது இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து புகை எழுகிறது.

இந்நிலையைத்தான் பிரேக் பிடித்துக்கொள்ளுதல் என்கிறோம். காலை எடுத்த பின்னரும் பேடு வட்டை விடாது உரசிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் வீணாவதும் பேடு தேய்வதும் இதில் சிறிய நட்டங்களே. உரசலால் எழும் வெப்பம் கேலிப்பர் வழியாகத் திரவத்துக்குள் புகுந்து, அது கொதிக்கும் நிலையை எட்டுமானால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். அப்பொழுது மிதித்த மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. சற்று முன்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அதே பிரேக், நிறுத்த வேண்டிய வேளையில் பிடிக்காமலே போய்விடக்கூடும்.

ஆகவே வாடையோ புகையோ தெரிந்தவுடன் சாலையோரம் ஒதுங்கி நிற்றல் வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தாமல், சமதளத்தில் கியரில் வைத்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்துவது நல்லது. சூடேறிய வட்டின்மீது தண்ணீர் ஊற்றலாகாது. அது நெளியவோ விரிசல் விடவோ கூடும். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டா. புறங்கையைச் சற்றுத் தொலைவில் காட்டினாலே எச்சக்கரம் அனலாக இருக்கிறது என்பது விளங்கும். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் நின்றுபோகும் வண்டிகளைக் குறிப்பிட்டதோர் அருகிலுள்ள நிறுத்துமிடத்துக்குக் கட்டணமின்றி இழுத்துச் செல்லும் சேவையை அங்குள்ள நிலப் போக்குவரத்து ஆணையம் நடத்துகிறது. ‘வீடு இன்னும் ஒரு கல் தொலைவுதானே’ என்று ஓட்டிச் செல்வதைக் காட்டிலும் அதற்குக் காத்திருத்தல் மேல்.

பிரேக் எவ்வாறு விடுகிறது?

பிரேக் எவ்வாறு பிடிக்கிறது என்பதை நம்மில் பலர் அறிவோம். மிதியை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் திரவத்தை அழுத்துகிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதிப்படி, அவ்வழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. சக்கரத்திலுள்ள பிஸ்டன் வெளியே நகர்ந்து, பேடை வட்டின்மேல் அழுத்துகிறது.

விடுவது எவ்வாறு என்று கேட்டால், ‘ஸ்பிரிங் இழுக்கும்’ என்று பெரும்பாலோர் விடை கூறுவர். டிரம் வகைப் பிரேக்குக்கு அவ்விடை பொருந்தும். வட்டு வகைப் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் பொதுவாகக் கிடையாது. அவ்வேலையைச் செய்வது ஒரு ரப்பர் வளையமேயாகும்.

கேலிப்பரின் உட்சுவரில் வெட்டப்பட்ட பள்ளத்தில் அவ்வளையம் அமர்ந்திருக்கிறது. அதன் குறுக்குவெட்டு வட்டமன்று, சதுர வடிவுடையது. பிஸ்டன் வெளியே நகரும்போது வளையத்தின் உள்விளிம்பு அதனோடு ஒட்டிக்கொண்டு சற்று நகர்கிறது. வெளிவிளிம்போ பள்ளத்திலேயே நிற்கிறது. இதனால் வளையம் முறுக்கிய நிலையை அடைகிறது. மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் அது தன் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. அவ்வாறு இழுக்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே. ஆயினும் பேடு வட்டை விட்டு விலக அது போதும். பேடு தேயத்தேயப் பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி முன்னேறிக்கொள்வதால், நாம் அவ்வப்போது இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய தேவையும் இல்லை.

இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் இக்குணம் நாம் நாள்தோறும் வெட்டியெடுக்கும் பாலின் குணமே. திரவப் பிரேக்கின் வரலாற்றிலும் ரப்பருக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. 1921இல் வெளிவந்த டியூசன்பெர்க் மாடல் ஏ என்னும் அமெரிக்கக் கார், நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக் பூண்டு விற்பனைக்கு வந்த முதற்கார்களுள் ஒன்றாகும். மால்கம் லாக்ஹீட் என்பார் வகுத்த தொடக்ககால அமைப்பில் சிலிண்டர்க் கிண்ணங்கள் தோலால் ஆகியிருந்தன, தோல் கசிந்தது. 1924இல் கிரைஸ்லர் கார் வந்தபோது தோலின் இடத்தை ரப்பர்க் கிண்ணங்கள் பிடித்துக்கொண்டன. கியூ தோட்டத்திலிருந்து 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்து, அப்பொழுது அரை நூற்றாண்டுகூட நிறைந்திருக்கவில்லை. இக்காலப் பிரேக் வளையங்களில் ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பரே பெரிதும் பயன்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் நாம் அடுத்து விளக்கவிருக்கும் குறைபாட்டில் இரண்டும் ஒன்றே.

பிஸ்டன் விடுவதற்கு மற்றொன்றும் வேண்டும்: திரவம் திரும்பிச் செல்ல வழி. மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் முழுதும் பின்வாங்கியபின் ஊசிமுனையளவு துளையொன்று திறக்கிறது. அத்துளை வழியாக எஞ்சிய அழுத்தம் மேலே உள்ள திரவக் கிண்ணத்துக்குள் தணிந்துவிடுகிறது. துளை அடைபட்டால் அழுத்தம் உள்ளேயே சிறைப்படும். ஓட ஓடச் சக்கரம் சூடேறும்; சூட்டில் திரவம் விரியும்; விரிந்த திரவத்துக்குப் போக்கிடமின்றி அழுத்தம் மேலும் கூடும்; பிரேக் மேலும் இறுகும். புறப்பட்டபோது இலேசாக இருந்த வண்டி போகப்போகக் கனப்பது இதனாலேயாம்.

எண்ணெய் என்னும் பெயர் செய்யும் தீங்கு

பிரேக் எண்ணெய் என்று நாம் தமிழிலும், மின்யாக் பிரேக் என்று மலாயிலும் சொல்லிப் பழகிவிட்டோம். அப்பொருள் எண்ணெய் அன்று என்பதே இப்பாடத்தில் நாம் அழுத்திக் கூற விரும்புவது.

தொடக்ககாலத்தில் ஆமணக்கெண்ணெயும் சாராய வகைப் பொருளும் கலந்த திரவமே பிரேக்குகளில் ஊற்றப்பட்டது. விளக்கெண்ணெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வயிற்றுக்குக் கொடுப்பது எதுவோ, அதுவே. இயற்கை ரப்பரைக் கெடுக்காத எண்ணெய் என்பதனாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னர் கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த வேதித் திரவங்கள் வந்தன. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று போத்தலின்மேல் அச்சிட்டிருப்பவை அவையே. தோற்றத்தில் எண்ணெய் போலிருப்பினும் அவை தண்ணீரில் கரைபவை. இயந்திர எண்ணெய், கியர் எண்ணெய், ஸ்டியரிங் எண்ணெய், டிராக்டரின் தூக்கு எண்ணெய், சாதாரண கிரீஸ் ஆகிய அனைத்தும் பூமியிலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெயின் வழிவந்தவை. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் அதனை உறிஞ்சி ஊதிப்போகும்.

இதனை நம் பிள்ளைகளும் காணும்படி வீட்டிலேயே செய்து காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் இட்டு மூடிவைக்க வேண்டும். அடுப்புக்கு அருகில் வைக்கலாகாது. மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் எடுத்துப் பார்த்தால், தண்ணீரிலிருந்தது அப்படியே இருக்கும். மண்ணெண்ணெயிலிருந்தது நீண்டு, தடித்து, இழுத்தால் அறுந்துவிடும் நிலையில் இருக்கும். இயந்திர எண்ணெய் இத்துணை விரைவில் வேலை செய்யாது. முடிவு மட்டும் அதுவே.

ஊதிப்போன ரப்பர் பிரேக்குக்குள் என்ன செய்யும் என்பதை இப்பொழுது நாமே உய்த்துணரலாம். கேலிப்பர் வளையம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு பிஸ்டனைக் கவ்வும். முறுக்கவும் திரும்பவும் அதற்கு இடமிராது. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்க் கிண்ணம் நீண்டு, அந்த ஊசிமுனைத் துளையையே மூடிவிடும். முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லாதிருந்து, இரண்டு நாள் கழித்து நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிடித்துக்கொண்டால் திரவத்தின்மீதுதான் முதலில் ஐயங்கொள்ள வேண்டும்.

ஐயத்தைத் தெளிவிக்கும் வழிகள் எளியவை. திரவக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் அதனுள் ரப்பர்த் தகடொன்று இருக்கும். அது வீங்கி, நெளிந்து, மீண்டும் தன் இடத்தில் அமர மறுத்தால் உள்ளே கனிம எண்ணெய் புகுந்துள்ளது எனலாம். அடுத்து, கிண்ணத்திலிருந்து சில துளிகளை எடுத்து, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளையில் விட்டுக் கலக்க வேண்டும். நல்ல பிரேக் திரவம் கரைந்துவிடும்; எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். சிலிக்கோன் இனத்ததாகிய டாட் 5 திரவமும் தண்ணீரில் கரையாது. அதனை மற்றவற்றோடு கலக்கலாகாது. பிரேக் திரவம் நஞ்சாகையால், சோதித்த குவளையை மீண்டும் அடுக்களைக்கு எடுத்துச் செல்லல் கூடாது.

எண்ணெய் கலந்தது உறுதியானால் திரவத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. ஊறிய ரப்பர் பழைய நிலைக்கு மீளாது. மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர்கள், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள் ஆகிய எல்லாவற்றிலும் எண்ணெய் தொட்ட ரப்பர் முழுவதையும் களைந்து, இரும்புக் குழாய்களைக் கழுவி, புதியன பொருத்த வேண்டும். சில வெள்ளி விலையுள்ள போத்தலுக்குப் பதிலாக மீந்துபோன டின்னைப் பயன்படுத்தியதன் செலவு பல நூறு வெள்ளியாக வளர்வது இவ்வாறே. இதனைப் பட்டறையில் தேர்ந்தவரிடம் விடுவதே முறை.

இவ்விடத்தில் ஒரு விலக்கையும் குறிப்பிடுதல் நேர்மையாகும். பிரான்சு நாட்டுச் சிட்ரோயன் நிறுவனத்தின் சில கார்களில் பச்சை நிறக் கனிம எண்ணெயே பிரேக்குக்கும் பயன்பட்டது. அவற்றின் ரப்பரும் அதற்கேற்ப வேறு இனத்தது. அக்கார்களில் டாட் திரவத்தை ஊற்றினால் கேடு. கிண்ண மூடியின்மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதனையே ஊற்ற வேண்டும் என்னும் விதிக்கு அவையும் அடங்கும்.

எங்கே பிடித்திருக்கிறது?

எல்லாப் பழியையும் எண்ணெயின்மேல் போட்டுவிட முடியாது. கிளமெண்டி சென்ற நம் எடுத்துக்காட்டுக் காரில் புகைந்தது ஒரே சக்கரம் என்பதை நினைவிற் கொள்க. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் குறை அச்சக்கரத்தில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. நான்கும் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரிலோ மிதியிலோ திரவத்திலோ தேட வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் பிடித்தால் கைப்பிரேக்குக் கம்பியை முதலில் பார்க்க வேண்டும்.

சோதிக்குமுன் வண்டி முழுதும் ஆறியிருத்தல் வேண்டும். சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் இரும்புத் தாங்கியின்மேல் இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ்க் கை நீட்டுவதும், சிமெண்டுக் கல்லை அடுக்கித் தாங்கியாக்குவதும் உயிருக்கு உலை வைப்பன. சிமெண்டுக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

கியரை நடுநிலையில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். வட்டு வகையில் இலேசான உரசல் ஓசை இயல்பே. அதனைக் குறையென்று கருதி மீண்டும் எல்லாவற்றையும் கழற்றுவோரும் உளர். ஒரு சுற்றாவது தானாக ஓடி நின்றால் அஞ்ச வேண்டுவதில்லை. பின்னர் ஒருவர் மிதியை மூன்று நான்கு முறை மிதித்துவிடட்டும். மீண்டும் சுழற்றும்போது சக்கரம் அசைய மறுத்தால் அதுவே நாம் தேடும் குறை.

இனிச் செய்யும் சோதனையே மிக முதன்மையானது. கேலிப்பரின்மேல் காற்று எடுப்பதற்கென்று ஒரு சிறு திருகு உண்டு. அதன் முனையில் தெளிந்த குழாயொன்றை மாட்டி, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டு, திருகைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் நன்று. திரவம் பீச்சிக்கொண்டு வந்து, சக்கரம் உடனே விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். திருகைத் திறந்த பின்னும் சக்கரம் இறுகியே இருந்தால் அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிஸ்டனோ ஊசியோ பேடோ நேரடியாகச் சிக்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வழியை அடைத்துவிடுகிறது. இதனைச் செய்யாமலே மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, கேலிப்பர் ஒன்று என்று வாங்கி மாற்றிக்கொண்டிருப்போர் பணத்தைக் கொட்டுகின்றனர்.

அழுத்தந்தான் காரணமென்றால் ஒரு படி மேலே செல்ல வேண்டும். சக்கரம் மீண்டும் பிடிக்கும்படி மிதியை மிதித்துவிட்டு, இம்முறை ரப்பர்க் குழாய் இரும்புக் குழாயோடு சேரும் இணைப்பைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். அங்குத் தளர்த்தியும் சக்கரம் விடாமல், கேலிப்பர்த் திருகைத் திறந்தால் மட்டும் விட்டால், இடையிலுள்ள ரப்பர்க் குழாயே குற்றவாளி. வேலையின்போது கேலிப்பரைக் கழற்றி, அதன் பாரம் முழுதும் அக்குழாயில் தொங்கும்படி விட்டிருந்தாலும், திருப்பிப் பூட்டுகையில் குழாய் முறுக்கியிருந்தாலும் அது கெடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. உள்ளே கிழிந்த ரப்பர் நாக்கொன்று கதவு போல் நிற்கும். காலின் பெரும் அழுத்தம் அதனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்பும் சிறு அழுத்தத்துக்கு அக்கதவு திறப்பதில்லை. கேலிப்பரைக் கழற்றினால் ஒரு கம்பித் துண்டால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுவது இதனைத் தவிர்க்கும். கெட்ட குழாயை மாற்றுவதன்றி வேறு பரிகாரம் இல்லை.

நான்கு சக்கரங்களும் பிடிக்கும்போது, எவரையேனும் வண்டியின் பின்னே நின்று பிரேக் விளக்கைப் பார்க்கச் சொல்லலாம். மிதியைத் தொடாத போதும் விளக்கு எரிந்தால் மிதி முழுதும் மேலே வரவில்லை. தரைவிரிப்பு இடறுவதும், மிதியிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குச் செல்லும் தண்டில் இருக்க வேண்டிய சிறு தளர்வு இல்லாதிருப்பதும் காரணமாகலாம். தளர்வு இல்லையெனில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதும் பின்வாங்காது. அந்தச் சிறு துளையும் திறவாது.

சக்கரத்திலேயே சிக்கியிருந்தால் பார்க்க வேண்டியன சில. பேடின் இரு காதுகளும் தம் இருப்பிடத்தில் கையால் தள்ளினாலே நகர வேண்டும். தகட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கையில் புதிய பேடைச் சுத்தியலால் தட்டி ஏற்றியிருந்தால் அது திரும்பி வராது. துருவை அரத்தால் நீக்குவதே முறை. கேலிப்பர் ஊசிகள் இரண்டும் பல கார்களில் ஒன்றுபோலிரா. ஒன்றின் நுனியில் ரப்பர் உறை இருக்கும். இடம் மாற்றிப் பூட்டினால் சிக்கும். அவ்வுறையின்மேல் டிராக்டர் கிரீஸ் பட்டால் ஊதி, ஊசி துளைக்குள் இறுகிவிடும். நம் எடுத்துக்காட்டில் இடப்பக்க முன்சக்கரம் முந்திக்கொண்டதற்கு இதுவே காரணமென்று கொள்ளலாம். இவ்வூசிகளுக்கென்று சிலிக்கோன் கிரீஸ் விற்கிறது. ரப்பரோடு உறவாடும் உறுப்புகளுக்கு ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சிவப்பு ரப்பர் கிரீசும் கிடைக்கிறது. சிறு குழாய் ஒன்று பல ஆண்டுகளுக்கு வரும்.

பிஸ்டனின் வெளிப்புறம் வெயிலும் மழையும் பட்டுத் துரு கண்டிருக்கையில், அதனை அப்படியே உள்ளே தள்ளினால் துருப்பிடித்த பகுதி வளையத்துக்குள் சென்று கவ்விக்கொள்ளும். தூசியுறை கிழிந்த கேலிப்பர்களில் இதனை மிகுதியும் காணலாம். பின்சக்கரத்திலும் வட்டுப் பிரேக் உள்ள சில கார்களில் பிஸ்டனைத் தள்ளக்கூடாது. திருகியே உட்செலுத்த வேண்டும். இறுக்கியால் பலவந்தமாக அழுத்தினால் உள்ளிருக்கும் கைப்பிரேக்கு அமைப்பு உடையும்.

பிரேக் வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பேடு மாற்றுவது பொறுமையும் கருவியும் உடைய எவர்க்கும் இயலும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து உள்ளே கைவைப்பது அத்தகையதன்று என்பது நம் கருத்து. பழைய பேடுகளிலும் டிரம் கட்டைகளிலும் கல்நார் கலந்திருக்கக்கூடுமாதலால், அத்தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் ஆகா. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிரேக் திரவம் சாயத்தை அரிக்கும். காரின்மேல் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். திறந்து வைத்த போத்தலும் பயன்படாது. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 பாகையாகத் தாழ்கிறது. டாட் 4 திரவத்துக்கு இவ்வளவுகள் முறையே 230, 155 பாகை. மழை மிகுந்த நம் நாட்டில் போன ஆண்டுப் போத்தலை நம்புவதற்கில்லை.

வேலை முடிந்தபின் பத்துக் கிலோமீட்டர் போல இயல்பாக ஓட்டி, கடைசிச் சிறிது தொலைவைப் பிரேக்கை மிகுதியாகத் தொடாமல் வந்து நின்று, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒத்த சூட்டிலும், பின்சக்கரங்கள் இரண்டும் ஒத்த சூட்டிலும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகுந்தால் கிளமெண்டி வரை செல்லாமல் அங்கேயே திரும்பிவிடலாம். சிங்கப்பூரில் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரையிலான கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையும், அதற்கும் மூத்தவை ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். உருளைகளின்மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொன்றின் பிரேக் ஆற்றலையும் அளக்கும் அச்சோதனையில், இடமும் வலமும் ஒவ்வாதிருந்தால் தெரிந்துவிடும். ஆயின் சோதனை நாள் வரை காத்திருக்கும் குறை இதுவன்று.

மோட்டார் சைக்கிள்களில்

நம் தோட்டங்களில் காரைவிட மோட்டார் சைக்கிளே மிகுதி. முன்சக்கரத்தில் வட்டுப் பிரேக் உள்ள வண்டிகளுக்கு மேலே கூறியவை யாவும் பொருந்தும். கைப்பிடியின் அருகிலுள்ள சிறு கிண்ணமே அதற்கு மாஸ்டர் சிலிண்டர். கைப்பிடி நெம்பின் முனையில் கிரீஸ் பூசுவோர், அது கிண்ணத்தின் ரப்பர் உறைக்குள் இறங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் பிடித்துக்கொள்வதற்கு வேறொரு காரணம் உண்டு. அது பிரேக்கைத் தொடாமலே நேர்வது. சங்கிலி தளர்ந்துவிட்டதென்று பின்சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்துகிறோம். சக்கரம் பின்னே போகும்போது பிரேக் தண்டும் இழுபட்டு, மிதியில் இருந்த தளர்வு மறைந்துவிடுகிறது. மறுநாள் அதிகாலை இருட்டில் மேட்டுக் காட்டுக்கு ஏறும்போது வண்டி இழுக்கவில்லையென்று எஞ்சின்மேல் குறை கூறுவர். சங்கிலியை இறுக்கிய ஒவ்வொரு முறையும் பின்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, தண்டின் முனையிலுள்ள திருகைத் தளர்த்தி, மிதி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கிய பின்னரே பிரேக் பிடிக்கத் தொடங்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மனைவியோ பிள்ளையோ பின்னால் அமர்ந்து செல்லும் வண்டியானால், ஒருவரை அமர்த்தியும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாரம் ஏறிப் பின்புறம் தாழ்கையில் சில வண்டிகளில் தண்டு மேலும் சற்று இறுகும்.